பழைய சைக்கிளுக்குப் புதிய பிரேக்

காலை எட்டு மணிக்கு ஒரகடம் நாற்சந்தியில் நின்று பார்த்திருக்கிறீர்களா? சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும் இங்கே ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. புதிய கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய நீண்ட லாரிகள், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வண்டிகள், ஷிப்டு மாறும் தொழிலாளர்களை ஏற்றிய பேருந்துகள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும் இடம் இது. இவற்றுக்கு நடுவே, சாலையின் ஓரத்தை ஒட்டி, புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு மாணவர் சைக்கிளில் போகிறார். அந்த மாணவர் நீங்களாகவே இருக்கலாம்.

பெரியப்பா வீட்டு அண்ணன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டார். அவர் ஓட்டிய பழைய மௌண்டன் சைக்கிள் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தடித்த டயர், உறுதியான சட்டம், எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. பிரேக்கைப் பிடித்தால்தான், வண்டி நிற்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்கிறது! "புது பிரேக் மாட்டிவிடலாமே" என்று உங்களுக்குத் தோன்றும். நல்ல எண்ணந்தான். ஆனால் எதை மாற்றுவது? பிடியையா, ஒயரையா, கட்டையையா, ரிம்மையா? தவறான ஒன்றை மாற்றினால், பணமும் செலவாகி, பிரேக் முன்னைவிட மோசமாகவும் ஆகிவிடக்கூடும். அது எப்படி என்பதைப் பள்ளியில் நீங்கள் படித்த நெம்புகோலை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

வண்டியை நிறுத்துவது எது?

முதலில் ஒரு சிறு கேள்வி. ஓடும் சைக்கிளை நிறுத்துவது எது? "பிரேக்" என்று சட்டென்று பதில் சொல்வீர்கள். அது பாதிதான் சரி. பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. வண்டியை நிறுத்துவது, டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு. எண்ணெய் கொட்டிக் கிடக்கும் தரையில் எவ்வளவு நல்ல பிரேக்கைப் பிடித்தாலும் சக்கரம் நின்றுவிடும். வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டே போகும்.

ஓடும் வண்டியிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. நீங்களும் சைக்கிளும் பையும் சேர்ந்து 70 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 5 மீட்டர். நிறையைத் திசைவேகத்தின் இருமடியால் பெருக்கிப் பாதியாக்கினால் 875 ஜூல் கிடைக்கும். வேகத்தை இருமடங்காக்கி மணிக்கு 36 கிலோமீட்டரில் போனால் ஆற்றல் 1750 ஜூல் அல்ல, 3500 ஜூல்! வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. நிற்பதற்குத் தேவையான தூரமும் நான்கு மடங்கு. பாலத்திலிருந்து இறங்கும்போது பெடலையும் சேர்த்து மிதிப்பவர்கள் இந்த ஒரு வரியை மறக்கக்கூடாது.

இந்த ஆற்றல் எங்கே போகிறது? ஆற்றலை அழிக்க முடியாது, மாற்றத்தான் முடியும். பிரேக் அதை வெப்பமாக மாற்றுகிறது. பிரேக் என்பது ஒரு வகையில் அடுப்புதான்.

மலையில் பிறந்த பாடம்

இதை உலகத்துக்கே காட்டிய ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1976 அக்டோபர் 21 அன்று, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் ஒரு மலைப்பாதையில் சைக்கிள் பந்தயம் ஒன்றை நடத்தினார்கள். ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் கீழே இறங்கும் செங்குத்தான மண் பாதை அது. அவர்கள் ஓட்டியவை தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்கள். பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே பிரேக் இருக்கும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும்.

கணக்குப் பாருங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ. உயரம் 400 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொண்டால், இழக்கும் நிலை ஆற்றல் 3,60,000 ஜூல். இதில் பாதியைக் காற்றும் மண்ணும் எடுத்துக்கொண்டாலும், மீதி 1,80,000 ஜூல் அந்தச் சிறிய ஹப்புக்குள் வெப்பமாக இறங்குகிறது. ஒரு கிலோ எஃகின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 500 ஜூல் போதும். வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் ஒரு கிலோ ஹப் 360 டிகிரி சூடேறிவிடும்! உள்ளே இருந்த கிரீஸ் புகையாகிப் போனது. ஒவ்வொரு முறை கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் 'மறுபடி அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபேக்' என்பதே அந்தப் பாதைக்குப் பெயராயிற்று. இன்றைய மௌண்டன் சைக்கிள், இப்படிப்பட்ட பந்தயங்களின் வழியாக வளர்ந்து வந்ததுதான். நல்ல பிரேக்கைத் தேடும் தேடல் அதோடு கூடவே பிறந்துவிட்டது.

விரலிலிருந்து சாலைவரை ஒரு சங்கிலி

இப்போது உங்கள் சைக்கிளுக்கு வருவோம். உங்கள் விரல் லீவரை இழுக்கிறது. லீவர் ஒயரை இழுக்கிறது. ஒயர் பிரேக்கின் கையை இழுக்கிறது. கை, கட்டையை ரிம்மோடு அழுத்துகிறது. ரிம் கம்பிகளின் வழியாகவும் டயரின் வழியாகவும் சாலையைப் பிடிக்கிறது. விரல், லீவர், ஒயர், கை, கட்டை, ரிம், டயர், சாலை என எட்டுக் கண்ணிகள் கொண்ட சங்கிலி இது. எந்தச் சங்கிலியின் வலிமையும் அதன் மிக மெலிந்த கண்ணியின் வலிமைதான். பிரேக்கைச் சீர்திருத்துவது என்றால், அந்த மெலிந்த கண்ணி எது என்று கண்டுபிடிப்பதுதான்.

தாத்தா காலத்துச் சைக்கிளில் ஒயர் கிடையாது. 1949-ல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள் ஆலையிலிருந்து வந்த ஹெர்குலிஸ் போன்ற பெரிய சைக்கிள்களில், இரும்புக் கம்பிகளே லீவரிலிருந்து சக்கரம் வரை சென்று, கட்டையை மேல்நோக்கி இழுத்து ரிம்மின் உட்புறத்தில் அழுத்தின. கம்பி எளிதில் அறாது. ஆனால் கனம் அதிகம், வளைத்துக் கொண்டுபோகவும் முடியாது. ஒயர் பிரேக்கில், மெல்லிய எஃகுக் கயிறு ஓர் உறைக்குள் ஓடுகிறது. உள்ளே இருக்கும் கயிறு இழுக்கப்படும்போது, உறை அதே அளவு விசையுடன் எதிர்த் திசையில் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி, உங்கள் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருக்கிறது!

பழைய மௌண்டன் சைக்கிள்கள் பலவற்றில் இருப்பது கேண்டிலீவர் பிரேக். முன் போர்க்கின் இரு கால்களிலும் இரண்டு முளைகள் இருக்கும். ஒவ்வொரு முளையிலும் ஒரு குட்டையான கை சுழலும். இரு கைகளையும் ஒரு சிறு ஒயர் கூரை போல இணைக்கும். அந்தக் கூரையின் உச்சியை லீவரின் ஒயர் மேலே தூக்கும். 1996-ல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் வி-பிரேக் என்ற பெயரில் வேறொன்றைக் கொண்டுவந்தது. அதே முளைகள்தான், ஆனால் கைகள் நீளமானவை. கூரை ஒயர் கிடையாது. ஒயர் பக்கவாட்டில் ஓடி, ஒரு கையை இழுக்க, உறை மறு கையைத் தள்ளுகிறது. முளைகள் ஒன்றே என்பதால், பழைய கேண்டிலீவரைக் கழற்றிவிட்டு வி-பிரேக்கை மாட்டலாம். முளைகளே இல்லாத சைக்கிள் என்றால் இந்த மாற்றம் சரிப்படாது. எனவே கடைக்குப் போகும் முன் முளைகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

இலவசமாக எதுவும் கிடைக்காது

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். கைகளை மட்டும் மாற்றுகிறார்கள், லீவரை மாற்றுவதில்லை. அல்லது லீவர் அழகாக இருக்கிறதென்று லீவரை மட்டும் மாற்றுகிறார்கள். என்ன ஆகும்? ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விரல் 50 நியூட்டன் விசையோடு லீவரை இழுக்கட்டும். ஐந்து கிலோ எடையைத் தூக்கும் விசை இது. விரல் நகரும் தூரம் 40 மில்லிமீட்டர். லீவரின் ஆதாரப் புள்ளியிலிருந்து விரல் 80 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. பழைய லீவரில் ஒயர் மாட்டும் இடம் ஆதாரத்திலிருந்து 20 மில்லிமீட்டர். விசை 4 மடங்காகிறது. வி-பிரேக்குக்கான லீவரில் அந்தத் தூரம் 32 மில்லிமீட்டர். விசை 2½ மடங்குதான் ஆகிறது. ஆனால் ஒயர் கூடுதல் நீளம் இழுபடுகிறது.

அடுத்து, கைகள். வி-பிரேக்கின் நீண்ட கை ஒயரின் விசையை 4 மடங்காக்கிக் கட்டைக்குத் தருகிறது. கேண்டிலீவரில் இது கூரை ஒயரின் கோணத்தைப் பொறுத்து மாறும். 2 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அளவுகள் சைக்கிளுக்குச் சைக்கிள் சற்று மாறலாம். இப்போது நான்கு சேர்க்கைகளையும் பாருங்கள்.

பழைய லீவர், பழைய கை: ஒவ்வொரு கட்டையும் 400 நியூட்டன் விசையில் அழுத்தும், 2.5 மில்லிமீட்டர் நகரும்.

புதிய லீவர், புதிய கை: 500 நியூட்டன், 2 மில்லிமீட்டர்.

பழைய லீவர், புதிய கை: 800 நியூட்டன், 1.25 மில்லிமீட்டர்.

புதிய லீவர், பழைய கை: 250 நியூட்டன், 4 மில்லிமீட்டர்.

ஒவ்வொரு வரியிலும் உள்ள விசையையும் தூரத்தையும் பெருக்கிப் பாருங்கள். நான்கிலும் 1000 வருகிறது! கட்டைகள் இரண்டு, ஆகவே 2000. உங்கள் விரல் செய்த வேலையும் 50 பெருக்கல் 40, அதாவது 2000. எந்த எந்திரமும் நீங்கள் கொடுத்த வேலையைவிட அதிகமாகத் திருப்பித் தராது. விசையை அதிகமாகக் கேட்டால் தூரத்தைக் குறைத்துக்கொள்ளும். தூரத்தைக் கேட்டால் விசையைக் குறைத்துக்கொள்ளும். இயற்கை மிகக் கறாரான கணக்குப்பிள்ளை.

கடைசி வரியைக் கவனியுங்கள். புதிய லீவர் வாங்கிப் பழைய கைகளோடு இணைத்தவருக்கு 400 நியூட்டனாக இருந்தது 250 ஆகக் குறைந்துவிட்டது. காசு கொடுத்து பிரேக்கைக் கெடுத்துக்கொண்டார்! மூன்றாவது வரி பார்க்கக் கவர்ச்சியாக இருக்கிறது: 800 நியூட்டன். ஆனால் கட்டை நகர்வது 1.25 மில்லிமீட்டர்தான். ரிம் சற்றே பெண்டாக இருந்தால்கூடக் கட்டை உரசிக்கொண்டே இருக்கும். உரசாமல் தள்ளி வைத்தால், கட்டை ரிம்மைச் சரியாகப் பிடிக்கும் முன்பே லீவர் ஹேண்டில்பாரில் போய் முட்டிவிடும். ஒருவேளை பிடித்துவிட்டாலோ, வெடுக்கென்று பிடித்து உங்களை முன்னால் தூக்கி எறியப் பார்க்கும். ஆகவே விதி இதுதான்: லீவரும் கையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? நன்றாகச் சரிசெய்யப்பட்ட பழைய கேண்டிலீவர் 400. புதிய வி-பிரேக் 500. வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் இல்லை. அப்படியானால் உங்கள் பழைய பிரேக் ஏன் பிடிக்கவில்லை? குற்றவாளி வேறெங்கோ ஒளிந்திருக்கலாம்.

ஒயரும் கட்டையும் ரிம்மும்

முதல் சந்தேகம் ஒயரின் மேல். ஒரு கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பாருங்கள். மறுமுனையை ஒரு சிறுவன் பிடித்திருந்தாலும் உங்களால் எளிதில் இழுக்க முடியாது. வளைவு கூடக் கூட உராய்வு மளமளவென்று ஏறுகிறது. துருப்பிடித்த ஒயர், வளைந்து நெளிந்த உறைக்குள் ஓடும்போதும் இதேதான் நடக்கிறது. உங்கள் விரலின் உழைப்பில் ஒரு பெரும் பங்கை உறையே விழுங்கிவிடுகிறது. புதிய ஒயர், புதிய உறை, கூர்மையான வளைவுகள் இல்லாத பாதை: மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் இதுவே.

இரண்டாவது சந்தேகம் கட்டையின் மேல். பத்து ஆண்டு வெயிலில் காய்ந்த ரப்பர் கல்லைப் போல இறுகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமும் பதியாவிட்டால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது. 500 நியூட்டன் அழுத்தம் இருந்தாலும், உராய்வுக் குணகம் 0.5 ஆக இருந்தால்தான் கட்டைக்கு 250 நியூட்டன் தடை விசை கிடைக்கும். குணகம் 0.2 ஆகிவிட்டால் 100தான்.

மூன்றாவது, ரிம். ஒரு சிறு காந்தத்தை எடுத்து ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது எஃகு ரிம்; ஒட்டாவிட்டால் அலுமினியக் கலவை. பளபளவென்று குரோமியம் பூசிய எஃகு ரிம் பார்க்க அழகுதான். உலர்ந்திருக்கும்போது பிரேக் பிடிக்கவும் பிடிக்கும். மழையில்தான் அதன் குணம் தெரியும். வழவழப்பான பரப்பின்மேல் படரும் நீர்ப்படலம் கட்டைக்கும் எஃகுக்கும் இடையே புகுந்து உராய்வை வெகுவாகக் குறைத்துவிடும். அலுமினிய ரிம் நனைந்தால் அதன் பிடிப்பும் குறையும். ஆனால் அவ்வளவு மோசமாக அல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பள்ளிக்குப் போகும் நமக்கு இது சாதாரண செய்தி அல்ல. எஃகு ரிம்மை வைத்துக்கொண்டு விலை உயர்ந்த வி-பிரேக்கை மாட்டுவது, ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி மூடி போடுவது போன்றது.

மழையில் ஓட்டும்போது ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். நிறுத்த வேண்டிய இடம் தொலைவில் தெரியும்போதே பிரேக்கை லேசாகத் தொடுங்கள். கட்டை ரிம்மிலுள்ள நீரைத் துடைத்துவிடும். பிறகு பிடித்தால் பிடிக்கும்.

டிஸ்க் பிரேக் மாட்டிவிடலாமா?

ஒரகடத்தில் 2013 முதல் இயங்கும் ராயல் என்ஃபீல்டு ஆலையிலிருந்து வரும் மோட்டார் சைக்கிள்களில் டிஸ்க் பிரேக்கைப் பார்த்துவிட்டு, "என் சைக்கிளுக்கும் ஒன்று" என்று ஆசைப்படுவது இயல்பு. கொஞ்சம் பொறுங்கள். உண்மையில் உங்கள் சைக்கிளின் ரிம்மே ஒரு பெரிய டிஸ்க்தான். அச்சிலிருந்து ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் தள்ளிக் கட்டை பிடிக்கிறது. 16 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிஸ்க்கிலோ, அந்தத் தூரம் 8 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதே தடையைத் தர வேண்டுமானால் டிஸ்க் மூன்றரை மடங்கு விசையோடு பிடிக்கப்பட வேண்டும். அந்த விசை முழுவதையும் போர்க்கின் ஒரு காலும், ஹப்பும், கம்பிகளும் தாங்க வேண்டும். டிஸ்க்குக்காகச் செய்யப்பட்ட போர்க்கும் ஹப்பும் இதைத் தாங்கும். பழைய போர்க்கில் ஓர் இரும்புத் துண்டைப் பற்றவைத்து அதில் டிஸ்க் பிரேக்கை மாட்டினால், பற்றவைப்பின் சூட்டில் மெலிந்த குழாய், என்றாவது ஒரு நாள் பிரேக் பிடிக்கும் நேரம் பார்த்து முறியலாம். இதைச் செய்யவே கூடாது.

டிஸ்க்கின் சிறப்பு, சேற்றிலும் மழையிலும் அது ரிம்மைப்போல எளிதில் நனைந்து வழுக்காது என்பதும், நீண்ட இறக்கத்தில் ரிம்மைச் சூடாக்காது என்பதும் ஆகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குபவருக்கு அது வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் சமவெளியில் நல்ல அலுமினிய ரிம்மும் நல்ல கட்டையும் போதும்.

முன் பிரேக்கா, பின் பிரேக்கா?

"முன் பிரேக்கைத் தொடாதே, கவிழ்ந்துவிடுவாய்" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒரு சோதனை செய்யுங்கள். சைக்கிளின் பக்கத்தில் நின்றுகொண்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னால் தள்ளுங்கள். பின்சக்கரம் மேலே தூக்கும். இப்போது பின் பிரேக்கை மட்டும் பிடித்துத் தள்ளுங்கள். பின்சக்கரம் தரையில் இழுபட்டுக்கொண்டே வரும்.

பிரேக் பிடிக்கும்போது நிலைமத்தால் உங்கள் உடல் முன்னால் போகப் பார்க்கிறது. எடை பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு மாறுகிறது. எடை குறைந்த சக்கரத்தில் உராய்வும் குறைவு. ஆகவே பின் பிரேக்கால் மட்டும் கிடைக்கும் எதிர் முடுக்கம், நல்ல சாலையிலும் வினாடிக்கு வினாடி 2 மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தால் 5 மீட்டரை எட்டலாம். அதற்கு மேல் போனால் பின்சக்கரம் தரையை விட்டு எழத் தொடங்கும். பெரியவர்கள் பயந்தது அதற்குத்தான்.

நாம் முன்பு போட்ட கணக்கை இங்கே இணைத்துப் பாருங்கள். இரு கட்டைகளும் சேர்ந்து ரிம்மில் 500 நியூட்டன் தடை தருகின்றன. டயரின் ஆரம் ரிம்மைவிடச் சற்றுப் பெரியது. எனவே சாலையில் கிடைப்பது ஏறத்தாழ 400 நியூட்டன். 70 கிலோவால் வகுத்தால் 5.7 வருகிறது. அதாவது, ஐந்து கிலோ எடைக்குச் சமமான விரல் விசையே சைக்கிள் தாங்கக்கூடிய எல்லைக்கு உங்களைக் கொண்டுபோய்விடுகிறது! இதற்கு மேல் வலிமையான பிரேக்கால் பயன் இல்லை. வெயிலிலும் மழையிலும் ஒரே மாதிரி பிடிப்பதும், விரல் கேட்ட அளவுக்கு மட்டும் பிடிப்பதுமே நல்ல பிரேக்கின் இலக்கணம்.

நம் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் வலக்கை லீவர் முன்சக்கரத்துக்கு உரியது. உங்களுடையதில் எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துங்கள். அழுத்தும்போது உடலைச் சற்றுப் பின்னால் தள்ளி, கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். மணலிலும் ஈரமான இரும்புத் தகடுகளின் மேலும் முன் பிரேக்கை மென்மையாகவே கையாளுங்கள்.

நீங்களே அளந்து பாருங்கள்

மாற்றுவதற்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்தால்தான் அது அறிவியல். சாலையில் அல்ல, பள்ளி மைதானத்தில், ஆசிரியர் முன்னிலையில் இதைச் செய்யுங்கள். 20 மீட்டர் தூரத்தை இரண்டு கோடுகளால் குறியுங்கள். அந்தத் தூரத்தை 4 வினாடியில் கடந்தால் உங்கள் வேகம் வினாடிக்கு 5 மீட்டர். இரண்டாவது கோட்டில் பிரேக்கைப் பிடியுங்கள். நின்ற தூரத்தை நாடாவால் அளந்து, ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். 25-ஐ அந்தத் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் எதிர் முடுக்கம் கிடைக்கும். 6 மீட்டரில் நின்றால் 2.1, 2½ மீட்டரில் நின்றால் 5. பிறகு ஒயரை மட்டும் மாற்றி அளங்கள். அடுத்து கட்டையை மட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது பலன் தந்தது என்று தெரியும்.

வரிசை இது: முதலில் ரிம்மின் பெண்டை எடுங்கள். பிறகு ஒயரும் உறையும். பிறகு கட்டைகள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால், அலுமினிய ரிம். கடைசியாக லீவரையும் கைகளையும் ஜோடியாக மாற்றுங்கள். பழக்கப்பட்ட சைக்கிள் மெக்கானிக்கின் மேற்பார்வையில் செய்வது நல்லது. வேலை முடிந்ததும் மூன்றைச் சோதியுங்கள். கட்டை முழுவதும் ரிம்மில் படவேண்டும்; மேலே போனால் டயரை அறுக்கும், கீழே போனால் கம்பிக்குள் நுழையும். லீவரை முழுப் பலத்தோடு பத்து முறை அழுத்தினாலும் ஒயர் தன் திருகில் வழுக்கக்கூடாது. லீவர் ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது.

பெரிய வண்டிகளும் இதே பாடத்தைத்தான் படிக்கின்றன

2010-ல் தொடங்கப்பட்ட கார் ஆலையும், 2012-ல் திறக்கப்பட்ட டெய்ம்லர் லாரி ஆலையும் ஒரகடத்தில் இருக்கின்றன. மத்திய அரசு அமைத்த வாகன ஆராய்ச்சி, சோதனை மையமும் அங்கேதான் இருக்கிறது. அங்கே பொறியாளர்கள் எதிர்கொள்ளும் கேள்வியும் உங்களுடையதே: எவ்வளவு பலமாகப் பிடித்தால் சக்கரம் சாலையை விட்டுவிடாமல் இருக்கும்? உருளும் சக்கரத்தைவிட, பூட்டிக்கொண்டு வழுக்கும் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவு. அதைத் திருப்பவும் முடியாது. எனவே ஏ.பி.எஸ். என்ற அமைப்பு, சக்கரத்தோடு சுழலும் பல் வளையத்தைக் கவனித்து, சக்கரம் பூட்டப்போவதை உணர்ந்தவுடன் பிரேக்கை வினாடிக்குப் பல முறை விட்டு விட்டுப் பிடிக்கிறது. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்கள் அனைத்துக்கும் இது 2019 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாயிற்று. உங்கள் சைக்கிளில் அந்த வேலையைச் செய்ய வேண்டியவை உங்கள் விரல்களே.

ஆனால் ஏ.பி.எஸ். இருந்தாலும் லாரி மந்திரத்தால் நிற்காது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி, வினாடிக்கு 17 மீட்டரை விழுங்குகிறது. ஓட்டுநர் உங்களைக் கண்டு மிதிப்பதற்கும், பிரேக் குழாய்களில் காற்று அழுத்தம் ஏறுவதற்கும் ஒன்றரை வினாடி ஆனால், அதற்குள் 25 மீட்டர் போய்விடும். அதன்பின் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைந்தாலும் நிற்க இன்னும் 28 மீட்டர் வேண்டும். மொத்தம் 53 மீட்டர். நீங்களோ 18 கிலோமீட்டர் வேகத்தில், சுதாரிக்க ஒரு வினாடி எடுத்துக்கொண்டாலும், நல்ல பிரேக்கோடு 8 மீட்டருக்குள் நின்றுவிடலாம். அந்தச் சாலையில் விரைவாக நிற்கக்கூடியவர் லாரிக்காரர் அல்லர், நீங்கள்தான். நிற்க வேண்டிய பொறுப்பும் அதனால் உங்களிடம் கூடுதலாக இருக்கிறது.

நாளைக் காலை புறப்படும் முன், சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இரண்டு லீவர்களையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அதற்கு ஐந்து வினாடிகூட ஆகாது.